தாய்ப் பத்திரம்

பையை மடியில் வைத்துக்கொள் பாப்பா, நானும் உட்காருகிறேன். மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு இந்த டவுன் பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசாங்கமே சொன்ன பிறகு, சாத்தூருக்குப் போகக் காசு கொடுக்க எனக்கென்ன கிறுக்கா? நம் வரிப்பணம். அதை விடக்கூடாது.

கையில் இருப்பது சட்டப் புத்தகமா? எத்தனையாவது வருஷம்? மூன்றா. அப்படியென்றால் உன்னிடம் ஒன்று கேட்கலாம். உனக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எனக்குத் தெரியும். நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன். அதிகாரிகள் வருவார்கள், போவார்கள், வடிவு மேடம் சொல்வதுதான் சட்டம் என்று வாசலில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர்கள் சொல்வார்கள். ஒரு பத்திரத்தைக் கையில் வாங்கினால் எந்தப் பக்கத்தில் வில்லங்கம் இருக்கிறது என்று வாசனையிலேயே சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட என்னை, தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவரின் மகள், பிளஸ் டூ படித்தவள், என்ன செய்தாள் தெரியுமா? கேள். சாத்தூர் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஒரு தம்பி, ராஜவேல். அப்பா அம்மா போனபோது அவனுக்குப் பதினொன்று, எனக்கு இருபத்திரண்டு. ஆளாக்கியது நான்தான். எனக்குக் கல்யாணம் என்று ஒன்று நடக்காமல் போனதற்கு அதுதான் காரணம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அவனிடம்கூட நாலைந்து தடவைக்கு மேல் சொன்னதில்லை. இப்போது ஓசூரில் கம்பெனி வேலை. பெண் எடுத்தது சாத்தூரில். பெயர் மாரிச்செல்வி. அவள் அப்பா குருவையாதான் அந்தத் தீப்பெட்டி ஆபீஸ்காரர். நல்ல மனிதர். எதிரே யார் வந்தாலும் ஓரமாக ஒதுங்கி நிற்பார். அப்படி நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் நாலு வார்த்தை கூடத்தான் வரும், அது என் சுபாவம்.

தலைப்பிரசவம் பிறந்த வீட்டுச் செலவு. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. வளைகாப்பு முடிந்து கூட்டிக்கொண்டு போனால், பிள்ளையும் கையுமாகத் திருப்பி அனுப்புகிற வரைக்கும் ஆஸ்பத்திரி, மருந்து, நாட்டுக்கோழி, பூண்டு எல்லாம் அவர்கள் பாடு. உங்கள் வீட்டில் எப்படி? பார், அங்கேயும் அதுதான். பிறகு ஏன் முகத்தை அப்படி வைத்துக்கொள்கிறாய்? படிக்கிற பெண்களுக்கு முறை என்றாலே கசக்கிறது.

குருவையா அரசாங்க ஆஸ்பத்திரி என்றார். நான் விடவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை வரிசையில் நின்று பிறக்காது என்று சொல்லிவிட்டேன். மனிதர் மறுபேச்சுப் பேசாமல் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். செலவு அவருடையது, மரியாதை எங்களுடையது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சித்திரை மாசம், பட்டப்பகல் இரண்டு மணி. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பெண் குழந்தை. பெண் என்று நான் முகம் சுளித்தேனா? இல்லவே இல்லை. எங்கள் அம்மா ஆவுடையம்மாளுக்கு இருந்த மாதிரியே நெற்றி, நடுவில் ஒரு சுழி. அதை ஒரு நொடிதான் பார்த்தேன். டாக்டர் வெளியே வந்துவிட்டார். குழந்தை வயிற்றுக்குள்ளேயே அழுக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டது, மூச்சு வாங்குகிறது, இங்கே வைத்துப் பார்க்க முடியாது, உடனே மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்.

நர்ஸ் பெண் ஒருத்தி போனும் கையுமாக வந்து, நூற்றெட்டுக்குச் சொல்லட்டுமா, பச்சைக் குழந்தைக்கென்றே வண்டி இருக்கிறது, பக்கத்தில்தான் நிற்கிறது, காசு கிடையாது என்று கேட்டாள். குருவையா சொல்லும்மா என்று வாயைத் திறந்தார். நான் ஒன்றுமே சொல்லவில்லை பாப்பா. "தர்ம வண்டியிலயா?" என்று மட்டும் கேட்டேன். அதற்கே அவர் வாயை மூடிக்கொண்டார். பெண்ணைக் கொடுத்தவருக்கு அந்த அளவு ரோஷமாவது இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

எதற்குச் சிரிக்கிறாய்? இந்த பஸ்ஸா? இது வேறு. இது போக்குவரத்து. நாலு பேர் வேடிக்கை பார்க்கிற ஆஸ்பத்திரி வாசலும் இதுவும் ஒன்றா? சட்டம் படிக்கிறாய், ஒன்றையும் மற்றொன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

வாசலிலேயே தனியார் ஆம்புலன்ஸ் ஒன்று நின்றது. உள்ளே கண்ணாடிப் பெட்டி, ஆக்சிஜன், குட்டிக் குட்டியாக விளக்கு. பார்க்கவே கௌரவமாக இருந்தது. டிரைவர் ஒரு தாள் எடுத்து எழுதினான். போக இவ்வளவு கிலோமீட்டர், வர இவ்வளவு, ஆக்சிஜனுக்கு மணிக்கு இவ்வளவு, கண்ணாடிப் பெட்டிக்கு வாடகை, கூட வருகிற நர்ஸுக்குச் சம்பளம். கூட்டினால் இருபத்து மூவாயிரத்து நானூறு. நான் கேட்டேன், நாங்கள் மதுரையில் இறங்கிவிடப் போகிறோம், திரும்பி வருவதற்கு நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று. "காலியா வந்தாலும் வண்டி டீசல் இல்லாமலா ஓடும், அக்கா? பேசினது போதும், பத்தாயிரம் அட்வான்ஸ் குடுத்தா எடுத்துருவேன். முதலாளி கண்டிஷன்" என்றான். ஏற்றிய மீசையும் அவனும். அவசரத்தில் இருப்பவன் சட்டையில் கைவிடுகிற தொழில். நீயெல்லாம் வக்கீலானால் முதலில் அவனைப் பிடித்துக் கூண்டில் ஏற்ற வேண்டும்.

அட்வான்ஸ் என்றதும் குருவையா என்னைப் பார்த்தார். நான் குருவையாவைப் பார்த்தேன்.

என் கைப்பையில் கார்டு இருந்தது. கணக்கில் பணமும் இருந்தது, இல்லை என்று நான் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? ஆனால் எடுத்து நீட்டினால் என்ன ஆகும்? நாளைக்குப் பிரசவச் செலவையே மாப்பிள்ளை வீடுதான் செய்தது என்று பேச்சு வரும். அது அவருக்குத்தான் அவமானம். அவர் மரியாதையைக் காப்பாற்றத்தான் நான் கைப்பையைத் திறக்கவில்லை. ராஜவேலுக்குப் போன் போட்டேன். அக்கா, நீங்க பாத்துக்கோங்க என்றான். பார்த்துக்கொண்டுதானே நிற்கிறேன்.

கடைசியில் அவர் ஓடினார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த வெயிலில், தீப்பெட்டி ஆபீஸுக்கு. முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். வெறும் பதினோரு நிமிஷம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் குழந்தையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள், ஒரு இயந்திரம் கீக் கீக் என்று கத்திக்கொண்டிருந்தது. மாரிச்செல்வியைத் தியேட்டரிலிருந்து வெளியே கொண்டுவந்து தள்ளுகட்டிலோடு நடையில் நிறுத்தியிருந்தார்கள். இடுப்புக்குக் கீழேதானே மரத்துப்போயிருக்கும், காது கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அது எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நான் ஒன்றும் தப்பாகப் பேசவில்லையே.

வண்டியில் கூட ஒருத்தர்தான் ஏறலாம் என்றான். நான் ஏறிவிட்டேன். குழந்தை எங்கள் வீட்டுக் குழந்தை, நான் அத்தை. குருவையா மீதிப் பணத்தைப் புரட்டிக்கொண்டு பின்னால் பஸ்ஸில் வந்தார்.

மதுரை போகிற வரைக்கும் அந்தக் கண்ணாடிப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டே போனேன். நெஞ்சுக்கூடு இத்தனூண்டு. அது ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பதற்குள் என் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டதும் அப்படியே அசையாமல் கிடந்தது. கூட வந்த நர்ஸ் ரப்பர் பையை அழுத்திக்கொண்டே, "சும்மா இருக்காதீங்கம்மா, பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்றாள். பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பெயருக்கு எங்கே போவது? ஏதோ ஒன்றைச் சொல்லிக் கூப்பிட்டேன். அதை விடு.

பிழைத்துவிட்டது. பன்னிரண்டு நாள் மதுரையில் வைத்திருந்தார்கள். அந்தச் செலவைத் தம்பி கம்பெனி இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொண்டது. ஆம்புலன்ஸுக்கு மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். உயிரைக் காப்பாற்றுகிற கட்டிலுக்குக் காசு தருவார்கள், அந்தக் கட்டிலுக்குப் போய்ச் சேர்வதற்குத் தரமாட்டார்கள். எந்த மூளை இந்த விதியை எழுதியதோ. அந்த இரண்டாயிரமும் ராஜவேல் கணக்கில் வந்தது. வந்த பணத்தைத் திருப்பியா அனுப்ப முடியும்?

பதினாறாம் நாள் சாத்தூரில் குழந்தையைப் பார்க்கப் போனோம். அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர், பேச்சோடு பேச்சாக, இந்த ஆம்புலன்ஸ் செலவை மட்டும் இரண்டு வீடும் பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டால் என்ன என்று ஆரம்பித்தார். குருவையாவுக்கு இனி மாசாமாசம் சம்பளத்தில் இரண்டாயிரம் பிடிக்கப்போகிறார்களாம். பிரசவம் உங்கள் செலவு, சரி, ஆனால் பிறந்த பிறகு அது ராஜவேல் பிள்ளை, வண்டியில் போனது பிள்ளைதானே, தாய் இல்லையே என்றார். நல்ல வாதம்தான். என் தம்பிகூடத் தலையைச் சொறிய ஆரம்பித்துவிட்டான்.

நான் விடுவேனா? ஆம்புலன்ஸ் ரசீதை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றேன். நோயாளி பெயர் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது, வாசியுங்கள் என்றேன். பெயர் வைக்காத குழந்தை இல்லையா, ஆஸ்பத்திரிகளில் எழுதுகிற மாதிரி எழுதியிருந்தான். பேபி ஆஃப் மாரிச்செல்வி. போதுமா? ராஜவேல் பெயர் அதில் எங்கே இருக்கிறது? எங்கள் வீட்டுப் பெயர் எங்கே இருக்கிறது? ஆவணத்தில் யார் பெயரோ அவருக்குத்தான் பாத்தியதை. மாரிச்செல்வியின் குழந்தை என்று எழுதியிருக்கிறது, மாரிச்செல்வி பிரசவம் முடிந்து எங்கள் வாசல் மிதிக்கிற வரை உங்கள் பொறுப்பு, ஆகவே மேற்படி செலவும் உங்களுடையது. அந்தப் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காபி குடிக்க ஆரம்பித்தார். இருபத்தாறு வருஷ அனுபவம் பாப்பா, சும்மா இல்லை.

அப்போதுதான் உள் அறையிலிருந்து மாரிச்செல்வி கூப்பிட்டாள். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குரலில் கோபமே இல்லை, பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"மதினி, பேப்பர்ல யார் பேரு இருக்கோ அவங்களுக்குத்தானா?"

"ஆமா. அதுதான் சட்டம்."

"உங்க ஆபீஸ்ல ஏதோ தாய்ப் பத்திரம்னு சொல்லுவீங்களே மதினி, அப்படின்னா என்ன?"

எனக்குச் சந்தோஷமாகப் போயிற்று. அந்த வீட்டில் முதன்முதலாக ஒருத்தி என் வேலையைப் பற்றி அக்கறையாக விசாரிக்கிறாள். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு சொத்து எங்கிருந்து வந்தது என்று காட்டுகிற முதல் பத்திரம் அது. பின்னால் எத்தனை பத்திரம் எழுதினாலும் தாய்ப் பத்திரம் எவர் கையில் இருக்கிறதோ அவர் பேச்சுத்தான் எடுபடும், அது இல்லாமல் வருகிறவன் எவ்வளவு கத்தினாலும் வாசலோடு அனுப்பிவிடுவோம் என்று. "அந்த ரசீது யார்கிட்ட இருக்கணும் மதினி?" என்று கேட்டாள். செலவு செய்தவரிடம் என்றேன். நானே எழுந்து போய், என் கையாலேயே, அந்த ரசீதை அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன். நன்றி மதினி என்றாள். என் தம்பி மட்டும் ஏனோ என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

அப்புறம் போன வாரம் தபாலில் ஒரு பத்திரிகை வருகிறது. தபாலில். தெருவில் இருக்கிற எல்லோருக்கும் அனுப்புகிற மாதிரி. இதோ பார், நீயே வாசி. பெயர் சூட்டு விழா, இன்றைக்குத்தான். செல்வி மா. ஆதிரை. என்ன போட்டிருக்கிறது? மா என்று. ராஜவேல் பெண்ணுக்கு இனிஷியல் ரா தானே வர வேண்டும்? முதலில் அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். கீழே பார். காதில் பெயர் சொல்பவர், குழந்தையின் தாத்தா குருவையா. அத்தை உயிரோடு இருக்கும்போது, குழந்தை காதில் மூன்று தடவை பெயர் சொல்வது அத்தை முறை. உலகத்தில் எனக்கென்று இருக்கிற ஒரே முறை அது. எனக்கு வேறு யார் காதில் சொல்ல இருக்கிறது?

தம்பிக்குப் போன் போட்டேன். ஆமாக்கா, பிறப்புச் சர்டிபிகேட்டுக்கும் அப்படித்தான் எழுதிக் குடுத்தோம், அம்மா இனிஷியலும் போடலாமாம், நானும் கையெழுத்துப் போட்டுட்டேன் என்கிறான். நான் ஊட்டி வளர்த்த பிள்ளை. போனை அவளிடம் கொடு என்றேன். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"நீங்கதான மதினி சொல்லிக் குடுத்தீங்க. பேபி ஆஃப் மாரிச்செல்வின்னு சபையில வாசிச்சீங்க. தாய்ப் பத்திரம் என்கிட்டதான இருக்கு."

நான் அதற்கு, அது செலவுக்குச் சொன்னது, குழந்தைக்குச் சொன்னது இல்லை என்றேன். பிறகு, "பதினோரு நிமிஷம் மதினி" என்றாள். "நானும் எண்ணிக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்." வைத்துவிட்டாள்.

பதினோரு நிமிஷத்தில் என்ன ஆகிவிடப் போகிறது? பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது. நீ சொல்லு. வாதாடுகிற படிப்புப் படிக்கிறாய், வாயைத் திற.

என்ன கேட்டாய்? சத்தமாகக் கேள், இந்த கண்டக்டர் வேறு விசிலை ஊதிக்கொண்டே இருக்கிறான். வண்டியில் ஏறிப் போனது நான்தானே என்றா? ஏறினேன், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக? நோயாளி பெயர்தான் ரசீதில் வரும், கூட ஏறியவர் பெயரா வரும்?

வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இல்லை, அதற்கும் முயற்சி செய்து பார்த்தேன். மூன்று நாளைக்கு முன்னால் அந்த டிரைவரைத் தேடிப்பிடித்தேன். முழுப் பணத்தையும் நான் தருகிறேன், பேபி ஆஃப் ராஜவேல் என்று ஒரு ரசீது போட்டுக் கொடு, பழையதை ரத்து செய்துவிடு என்றேன். அந்த மீசைக்காரன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "அக்கா, அன்னைக்கு இதே பணத்துக்குத்தான வெயில்ல நின்னீங்க" என்கிறான். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனுக்கு எவ்வளவு வாய் பார்.

இந்தப் பையைக் கொஞ்சம் பிடி. கவர் ஒன்று இருக்கிறதா? இருபத்து மூவாயிரத்து நானூற்று ஒன்று. இன்ஷூரன்ஸில் வந்த அந்த இரண்டாயிரத்தையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன். ஒரு ரூபாய் எதற்கா? ஒரு ரூபாய் சேர்ந்தால் மொய். சேராவிட்டால் பாக்கி. பாக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நான் தோற்றுவிட்டேன் என்று ஆகும். மொய்யாக எழுதினால் ஆகாது. மொய் நோட்டில் பெயரும் வரும். சண்முகவடிவு, குழந்தையின் அத்தை என்று நானே சொல்லி எழுத வைப்பேன். அது ஒரு ஆவணம்தானே. அத்தை என்று ஒரு இடத்திலாவது எழுத்தில் இருக்கட்டும்.

உன் புத்தகத்தில் பிழைத்திருத்தல் பத்திரம் என்று வருமே, படித்திருக்கிறாயா? ஒரு பத்திரத்தில் தப்பு நேர்ந்துவிட்டால் திருத்தி எழுதிக்கொள்வது. எழுதலாம். ஆனால் முன்னால் கையெழுத்துப் போட்ட இரண்டு தரப்பும் வந்து உட்கார்ந்து போட வேண்டும். ஒருத்தர் மட்டும் வந்தால் நானே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அன்றைக்கு வண்டியில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டேன் என்று நீ கேட்கவே இல்லையே. ஆவுடை என்று கூப்பிட்டேன். கண்ணாடியில் வாயை வைத்து, மூன்று தடவை. மூன்றாவது தடவை நெஞ்சு ஏறி இறங்கியது. நர்ஸ் சாட்சி. நான் இதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை, சொன்னால் எவரும் நம்பவும் மாட்டார்கள், பதிவாகாத வாய்ப்பேச்சு. ஆதிரை என்று அவள் வைத்ததும் ஆ-வில்தான் ஆரம்பிக்கிறது, கவனித்தாயா? நட்சத்திரத்துக்கு விழுந்த எழுத்தாக இருக்கும். வேறு என்ன.

பாலம் வந்துவிட்டது. அடுத்தது பஸ் ஸ்டாண்டுதான். பேனா இருக்கிறதா உன்னிடம்? கவர் மேலே குழந்தை பெயர் எழுதவில்லை. காலையிலிருந்து மூன்று கவரைக் கிழித்துவிட்டேன். ரா என்று எழுதிக் கிழித்தேன், இனிஷியல் இல்லாமல் எழுதிக் கிழித்தேன். அது அநாதைப் பிள்ளை பெயர் மாதிரி இருந்தது.

நீ எழுது. மா போட்டே எழுது. மா, புள்ளி, ஆதிரை. என் கையெழுத்தில் வேண்டாம். என் கையெழுத்தில் இருந்தால் நாளைக்கு நானே ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும். பஸ் குலுங்குகிறது, பார்த்து. கோணலில்லாமல் எழுது பாப்பா, பிள்ளை வளர்ந்து வாசிக்க வேண்டும்.